ஆனைமலையில் குளிர்வித்துவிட்டு வந்தோம்

புதன்கிழமை காலை 6.40-க்கு வீட்டைப் பூட்டினோம். பல்லடத்துக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் தோட்டம். கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். வளர்ந்த கோழிகளைத் திங்கட்கிழமைதான் ஏற்றி அனுப்பினோம். அடுத்த குஞ்சுகள் இறங்க இன்னும் பத்து நாள் இருந்தது. பண்ணைக்காரர்கள் ஊர் உலகம் போய்வர அந்த இடைப்பட்ட நாட்கள்தான் உண்டு.

வாசலில் இருக்கும் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டித் திருநீறு பூசிக்கொண்டேன். என் மனைவி சரசு ஒரு தூக்கில் தக்காளிச் சோறும், ஒரு பாட்டிலில் அரை லிட்டர் செக்கு நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டாள். எண்ணெய் ஆனைமலை அம்மனுக்கு.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலைப் பற்றிக் கோவைப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே அம்மன் படுத்த கோலத்தில் இருப்பாள். அநியாயம் செய்யப்பட்டவர்கள் அங்கே போய், அம்மிக்கல்லில் வரமிளகாய் அரைத்து, அநியாயம் செய்தவனை நினைத்து, நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் அம்மன் கேட்பாள் என்று நம்பிக்கை. நியாயம் கிடைத்துவிட்டாலோ, மனசு ஆறிவிட்டாலோ, மறுபடி போய் எண்ணெய் சாத்திக் குளிர்விக்க வேண்டும். சூடு ஏற்றியவர்கள்தான் சூட்டை இறக்க வேண்டும். அதுதான் முறை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காகவும் அங்கே மிளகாய் அரைக்கப்பட்டது. அரைத்தது நான். ஒரு லாரி டிரைவர் பேரில் அரைத்ததாகத்தான் சரசு நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதரைக் குளிர்வித்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம். நான் அவர் பேரில் அரைக்கவில்லை என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரியும். இன்றைக்காவது சரசுவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் செருப்பை மாட்டினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து மதியம் இரண்டு மணிக்கு எங்கள் காரில் திரும்பினோம். அன்றைக்குப் பொழுதோடு பண்ணைக்குக் குஞ்சு வருகிறது என்று அவசரம். சரசு பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டாள். சுல்தான்பேட்டை வருவதற்கு முன், நானும் ஒரு நொடி கண்ணை மூடிவிட்டேன். ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதினோம். எனக்கு நெற்றியில் நாலு தையல். அவளுக்கு இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றும் தகடு உள்ளே இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த உறவுக்காரர்கள் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டபோது, “லாரிக்காரன் பாதி ரோட்டை அடைச்சு நிறுத்தியிருந்தான்” என்று சொல்லிவிட்டேன். சரசுவின் அண்ணன் எதிரே நின்றிருந்தார். வாயில் அதுதான் வந்தது. பிறகு அதையே நாலு வருஷம் சொன்னேன். போலீஸ் வழக்கு என் மேல்தான் போட்டார்கள், கோர்ட்டில் அபராதம் கட்டினேன். அதற்கும் “பின்னால இடிச்சவன் மேலதான் போடுவாங்க, சட்டம் அப்படி” என்று சமாளித்தேன்.

காலை 7.15. பல்லடம் பஸ் ஸ்டாண்ட். பொள்ளாச்சி தனியார் பஸ், ஆளுக்கு நாற்பது ரூபாய், சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். சரசு கம்பியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்து ஏறினாள். நான் கை கொடுக்கப் போனேன். “விடுங்க, நானே ஏறிக்குவேன்” என்றாள்.

இந்த ஒரு ஏற்றத்துக்கு எத்தனை பாடு என்று படிப்பவர்களுக்குத் தெரியாது. கால் எலும்பு ஒரு வருஷத்தில் கூடிவிட்டது. மனசுதான் கூடவில்லை. ஹாரன் கேட்டால் கையிலிருக்கிற பாத்திரத்தைப் போட்டுவிடுவாள். ஒன்றரை வருஷம் வீதி முனையைத் தாண்டவில்லை. கடைசியில் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு காரில் பீளமேட்டுக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், எங்கள் மகள் வயசுப் பெண். அந்தப் பொண்ணு மாத்திரை கொஞ்சம்தான் கொடுத்தாள். “நிக்கற பஸ்ல ஏறி உக்காந்துட்டு எறங்கிருங்கம்மா. தினம் பத்து நிமிசம். போகவே வேண்டாம்” என்றாள்.

அப்படித்தான் செய்தோம். பல்லடம் ஸ்டாண்டில் மினிபஸ் கிளம்புவதற்கு முன் ஏறி உட்கார்வோம். டிரைவர் வந்து ஸ்டார்ட் செய்தால் இறங்கிவிடுவோம். அந்த கண்டக்டர் தினமும் கேட்பார்: “ஏனுங்க்கா, இன்னைக்காச்சும் டிக்கெட் எடுப்பீங்களா, இல்ல வண்டி நல்லாருக்குதான்னு பாத்துட்டு மட்டும் போறீங்களா?” நாற்பத்தோராவது நாள் சரசு டிக்கெட் எடுத்தாள். ஒரு ஸ்டாப். இறங்கி வேலியோரம் வாந்தி எடுத்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே எடுத்தாள். அப்புறம் திருப்பூர் வரை போனோம். பொள்ளாச்சி ரோட்டில் மட்டும் அதுவரை போனதில்லை.

காலை 7.50. காமநாயக்கன்பாளையம். வலதுபுறம் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சரசுக்குப் பக்கத்தில் நெகமத்துக்காரப் பெண் ஒருத்தி, மடியில் சேலை மூட்டை. “எங்கீங்கக்கா, பொள்ளாச்சிங்களா?” என்று கேட்டாள்.

“ஆனைமலைக்குங்க.”

சொன்னதும் அந்தப் பெண் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன் சீட்டிலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஆனைமலைக்குப் போகிறோம் என்று சொன்னாலே, யார் மேலோ கோபம் என்று அர்த்தம். டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த கண்டக்டர் காதிலும் விழுந்துவிட்டது.

“அக்கா, நேத்து ஸ்டாப்புல நிறுத்தாமப் போனது எங்களுக்கு முன்னால போற வண்டிங்க. எம்பேரச் சொல்லி அரைச்சுப்போடாதீங்க” என்றார்.

“அரைக்கப் போகலீங்க தம்பி. குளிர்விக்கப் போறோம்.”

“அப்பாடா. அப்ப தைரியமா டிக்கெட் கிழிக்கலாம்” என்று சிரித்துக்கொண்டு நகர்ந்தார்.

நெகமத்துப் பெண் கேட்டாள்: “நாயம் கெடச்சிருச்சுங்களா?”

“நாயம் என்னங்க கெடைக்குது. ஒரு லாரிக்காரரு ரோட்டை அடைச்சு நிறுத்திப்போட்டாரு. நாலு வருசமாத் திட்டீட்டே இருந்தனுங்க. போன மாசம் பஸ்ல திருப்பூர் போறப்ப, ஒரு டிரைவர் பசங்க போட்டோவ முன்னால ஒட்டி வெச்சிருந்தாருங்க. அந்த லாரிக்காரருக்கும் புள்ளகுட்டி இருக்குமல்லங்க? போதும்னு தோணிப்போச்சு. அவுரு ஊட்டுல அடுப்பு எரியட்டும்.”

அவள் அதைச் சொன்னவிதத்தில் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்குப் பெரிய மனசுங்க்கா” என்றாள். “எல்லாம் இவங்க பாத்துக்கிட்டதுங்க” என்று சரசு என்னைக் காட்டினாள். “நாலு வருசமா சமையல், துணி தொவைக்கறது, எனக்குத் தலை சீவி உடறது எல்லாமே இவங்கதான்.”

இந்தப் புகழ்ச்சிதான் எனக்குத் தாங்காதது. எங்கள் ஊரில், சொந்தத்தில், கோயிலில் பிரசாதம் வாங்குகிற இடத்தில்கூட, “வேலுச்சாமி மாதிரி ஒரு புருசன் கெடைக்கோணும்” என்று பெண்கள் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் மிளகாய் அரைத்த கை மறுபடி எரியும்.

காலை 8.20. சுல்தான்பேட்டை தாண்டி அந்த இடம் வந்தது. ஒரு பெரிய வேப்பமரம், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எனக்கு அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் தெரியும். முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சரசுக்கு இடம் தெரியாது, அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தவள்தானே. இப்போது சேலையின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தாள். மரம் பின்னால் போய்விட்டது.

நெகமம் நெருங்கும்போது கேட்டாள்: “ஏனுங்க, அந்த எடம் எப்பங்க வரும்?”

“தாண்டியாச்சு.”

“நெசமாவா? எனக்கு ஒண்ணுமே தெரீலீங்களே!” என்று கையைத் தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டாள். “டாக்டர் பொண்ணுகிட்டச் சொல்லோணும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து நாக்கு எழவில்லை.

காலை 8.55. பொள்ளாச்சி. ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் எழுபத்தாறு ரூபாய். தேங்காய்ச் சட்னியை இங்கே குழம்பு மாதிரி ஊற்றுகிறார்கள். அவர்கள் ஊரில் தேங்காய்க்குப் பஞ்சமா என்ன. 9.30-க்கு ஆனைமலை டவுன் பஸ், பதினைந்து கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்கு மட்டும் பன்னிரண்டு ரூபாய். “பன்னண்டு ரூவாய்க்கு உங்களுக்கு மட்டும் என்ன தனியா மெத்தையா போட்டிருக்குது?” என்று சரசு கேலி செய்தாள். அம்பராம்பாளையம் சுங்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. களத்தில் தேங்காய் நார் காய்ந்துகொண்டிருந்தது. மலை கிட்டே வந்துவிட்டது. எங்கள் பல்லடத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் வானம் மட்டும்தான். மலையைப் பார்த்து சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு நாலு வருஷத்துக்கு முந்தைய நாள் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள். படுக்கையிலிருந்தபடி சரசு சொன்னாள்: “அந்த லாரிக்காரன் பேர்ல ஆனைமலைக்குப் போயி மிளகா அரைச்சுட்டு வாங்க. என்னால போக முடியாது. நீங்க போங்க.” மறுக்க முடியவில்லை, வந்தேன். அம்மிக்கல் முன்னால் உட்கார்ந்தபோது அந்த மனிதரின் முகம் வந்தது. லாரியை அவர் ரோட்டை விட்டு நன்றாக இறக்கித்தான் நிறுத்தியிருந்தார். எங்கள் கார்க் கதவைக் கடப்பாறையால் நெம்பித் திறந்தவரும் அவர்தான். அவர் பேரைச் சொல்லி எப்படி அரைப்பது? அரைக்காமலே திரும்பிப் போய், அரைத்தேன் என்று சொன்னால் சாமி முன்னால் இன்னொரு பொய். அதனால் என் பேரைச் சொல்லி அரைத்தேன். வேலுச்சாமி, ரேவதி நட்சத்திரம். கை இரண்டு நாள் எரிந்தது.

அப்புறம் தொண்ணூறு நாள் காத்திருந்தேன். அந்த மாசத்துக் கோழிகள் பாதிக்கு மேல் சீக்கு வந்து செத்துப்போயின. குழி தோண்டி மூடும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அம்மன் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். தொண்ணூறு நாள் முடிந்தது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியும் போய்விட்டது.

காலை 10.10. கோயில் வாசல். பூஜைத் தட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் முப்பது வயசுப் பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டே எங்களைக் கூப்பிட்டாள். “வாங்கக்கா. அரைக்கறதுங்களா, குளிர்விக்கறதுங்களா? ரெண்டுக்கும் தட்டு வேறைங்க.”

“குளிர்விக்கறதுங்க. எண்ணெய் கொண்டாந்துட்டேன். மஞ்சள், பூ மட்டும் குடுங்க.”

“அறுபது ரூவாங்க்கா. யாரு பேர்ல அரைச்சீங்களோ அந்தப் பேரைச் சொல்லி எண்ணெய வுடுங்க. வாய் விட்டுச் சொல்லக் கூச்சமா இருந்தா மனசுக்குள்ள சொன்னாப் போதும்.”

மனசுக்குள்ளே சொன்னால் போதும். அதைக் கேட்டதும் எனக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது போல் இருந்தது. அவள் லாரிக்காரரை நினைத்து ஊற்றட்டும், நான் என்னை நினைத்துக்கொள்கிறேன். எண்ணெய் ஒன்றுதானே.

உள்ளே புதன்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. அம்மனைக் கண் நிறையப் பார்த்தோம். அம்மிக்கற்கள் இருக்கிற பக்கம் வந்தால் மிளகாய் நெடி. அங்கே அரைப்பவர்கள், பார்ப்பவர்கள் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். யார் அழுகிறார்கள், யாருக்குக் காரம் பட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எண்ணெய் சாத்த வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. சரசு பாட்டிலைத் திறந்தாள். மனசுக்குள் அல்ல, வாய் விட்டே சொன்னாள்: “தாயே, பேரு தெரியாத அந்த லாரிக்கார மகராசன் எங்களுக்குப் பண்ணுன பாவத்த...”

என் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“சரசு, ஊத்தாத.”

“ஏனுங்க?”

“அரைச்சது அவுரு பேர்ல இல்ல.”

“பின்ன ஆரு பேர்லீங்க?”

“எம்பேர்ல.”

அவள் சிரித்துவிட்டாள். “சாமி முன்னால என்னங்க வெளையாட்டு?” பின்னால் நின்ற ஒருவர், “ஏனுங்க, புருசன் பொண்டாட்டி நாயத்த அக்கட்டப் போயி வெச்சுக்குங்க, எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது” என்றார். நகர்ந்து ஒரு தூண் ஓரமாக வந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நிமிஷம் பேசினேன் என்று தெரியாது. ஊமையாகக் கிடந்த என் வாயை அம்மன்தான் திறந்தாள் என்று இன்றும் நம்புகிறேன்.

சரசு எண்ணெய் பாட்டிலை மூடி, பக்கத்தில் வைத்தாள்.

“தூங்கிப்போட்டீங்களா?”

“ஒரு நொடி.”

“கெளம்பறப்ப ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்னு நாஞ் சொன்னனுங்களா, இல்லீங்களா?”

“சொன்ன.”

“என்ன சொன்னீங்க?”

“குஞ்சு வந்துரும், ஊட்டுக்குப் போயிக் குடிச்சுக்கலாம்னேன்.”

“அந்த லாரி எங்க நின்னுது?”

“ரோட்ட விட்டு நல்லா எறங்கி, மரத்தடியில நின்னுது. உன்னைய வெளிய எடுத்ததே அவுருதான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உன் தலையத் தாங்கிப் பிடிச்சுட்டு மண்ணுலயே உக்காந்திருந்தாரு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.”

சரசு தன் பின்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு அந்தக் கை நெனப்பிருக்குதுங்க. பீடி வாசம் வந்துது. நீங்கன்னு நெனச்சிருந்தேன். நீங்க எப்பங்க பீடி குடிச்சீங்கன்னு கேக்கோணும் கேக்கோணும்னு இருந்து மறந்தே போனேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரல் உயர்ந்தது.

“காலையில எந்திரிச்சா அந்த மனுசனைத் திட்டித்தானுங்க பல்லு வெளக்குனேன். நாலு வருசம்! நீங்க பக்கத்துல நின்னு பேஸ்ட எடுத்துக் குடுத்தீங்க. கேட்டுட்டே இருந்தீங்க. அந்தப் பாவத்த நான் எங்கீங்க கொண்டுபோயிக் கழுவறது?”

“தப்புத்தான் சரசு. அதனாலதான் எம்மேலயே...”

“அதென்னங்க உங்க மேலயே? உங்களுக்கு ஆரு சொன்னது? கால் ஒடிஞ்சது எனக்கு. பயந்து கெடந்தது நானு. அரைக்கோணும்னா நானல்ல அரைக்கோணும்? என்ற மிளகாய எடுத்து நீங்களே உங்க மேல அரைச்சுட்டு, நீங்களே தண்டனையும் குடுத்துட்டு, நீங்களே எனக்குத் தலையும் சீவி உட்டுட்டு... நான் எதுக்குங்க நடுவுல?”

நாலு வருஷத்தில் நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். இந்த ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டுக் காலை விந்தி விந்தி நடந்து வெளியே போனாள். தூணோரம் நின்று பார்த்தேன். அதே கடையில், தட்டுகளைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய்த் தட்டுத்தான் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு வரட்டும், அது அவள் பாத்தியதை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நினைத்ததும் பயம் போய்விட்டது. பொய் இல்லை, நிஜம்.

காலை 11.25. தேங்காய்ப் பழத் தட்டோடு வந்தாள். நேராகப் பூசாரியிடம் போனாள்.

“ஒரு அர்ச்சனைங்க சாமி.”

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா.”

“ரெண்டும் தெரியாதுங்க. லாரி ஓட்டறவருங்க. எங்களக் காப்பாத்துனவருங்க.”

பூசாரி ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்தார். “சரி, அம்மன் பேருக்கே பண்ணிர்றேன். நீங்க அவரை நெனச்சுக்குங்க” என்றார். சரசு கண்ணை மூடி நின்றாள். அவள் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பாள். நானும் கேட்டேன்.

பிறகு எண்ணெய் சாத்தும் வரிசைக்கு மறுபடி போனோம். பாட்டிலை அவள்தான் வைத்திருந்தாள். “அரைச்சவங்கதானுங்க குளிர்விக்கோணும்” என்று நான் கையை நீட்டினேன். “அரைச்சது உங்க இஷ்டத்துக்கு. குளிர்விக்கறது என்ற இஷ்டத்துக்கு” என்று தள்ளிவிட்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட சரசு என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் போதும் என்று கடைக்காரப் பெண் சொல்லியும் இருந்தாள்.

சரசு எண்ணெயைச் சாய்த்தாள். “வேலுச்சாமி” என்றாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, தெளிவாக. “வேலுச்சாமி. இவுரு மேல இருக்கற சூடு எறங்கட்டும், தாயே. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அரை லிட்டரும் தீரும்வரை மெதுவாக ஊற்றினாள். என் பேர் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிளகாய் நெடி அந்தப் பக்கம் இல்லை, ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவள் முந்தானையைத் தரவில்லை. “துண்டு இருக்குதுல்ல, தொடைச்சுக்குங்க” என்றாள்.

மதியம் 12.15. கோயிலுக்கு வெளியே ஒரு மரநிழலில் தக்காளிச் சோறு. ஆளுக்கொரு இளநீர், நாற்பது ரூபாய். சரசு இன்னும் கோபமாக இருந்தாள். ஆனால் தூக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மதியம் 2.05. பொள்ளாச்சியிலிருந்து பல்லடம் பஸ். பெண்கள் பக்கம் தனியாக உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால். நெகமம் தாண்டியதும் எழுந்து, கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் என்னிடம் வந்தாள். “அந்த எடம் வர்றப்ப எறங்கலாமுங்க.”

“அங்க ஸ்டாப் இல்லியே.”

“கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க.”

வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கோழித் தீவன லாரிக்காக பஸ் மெதுவானது. அங்கே இறக்கிவிட்டார்கள். வெயில் நன்றாக அடித்தது. மரத்தடியில் யாரும் இல்லை. தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காரும் லாரியும் நின்ற இடத்தைக் காட்டினேன். அவள் தார் ரோட்டின் விளிம்பில் நின்றாள். அங்கிருந்து மரத்தை நோக்கி நடந்தாள், அந்த விந்தல் நடையோடு, ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே.

“பதினொண்ணு” என்றாள். “பதினோரு அடி எறங்கி நிறுத்தியிருக்கறாரு மனுசன்.”

மண்ணில் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் அந்த மனிதர் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ, ஏறக்குறைய அந்த இடம். பக்கத்து ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவள் திடுக்கிடவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “உக்காருங்க, கால் வலிக்கும்” என்றாள்.

அடுத்த பஸ் 3.20-க்கு வந்தது. அவளே கை காட்டி நிறுத்தினாள். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பல்லடம் வந்ததும் தன் போனை எடுத்து, அண்ணன் நம்பரை அழுத்தி, என் கையில் கொடுத்தாள். “எங்கண்ணனுக்கு நீங்களே சொல்லிப்போடுங்க. எல்லார்த்துக்கும் சொல்லோணும். ஒவ்வொருத்தரா.”

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சொன்னேன். மச்சான் முழுசாகக் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தார். இதை எழுதும்வரை என்னோடு பேசவில்லை. பேசுவார், பேசாமலும் போகலாம். அவர் தங்கை கால் அது. நான் கோபித்துக்கொள்ள இடமில்லை. மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையும் அப்படிச் சொல்வதில் ஒன்றுதான். எங்கள் ஊரில் இப்போது யாரும் என்னைப் புகழ்வதில்லை. சந்தையில் நிம்மதியாகக் காய் வாங்குகிறேன்.

ஆனைமலை மலையடிவாரம் குளிர்ச்சியான ஊர். எங்கள் பல்லடம் வறண்டது, தறிச் சத்தம், கோழிப் பண்ணை வாசம். ஆனாலும் திரும்பி வந்த பிறகு எங்கள் வீடு எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. நாலு வருஷமாக நான் என்ன சமைத்து வைத்தாலும் சரசு, “நல்லாருக்குதுங்க” என்று சொல்லிச் சாப்பிட்டுவிடுவாள். குறை சொல்ல அவளுக்கு நான் இடமே கொடுத்ததில்லை என்று இப்போதுதான் புரிகிறது. நேற்று மதியம் ஒரு வாய் ரசம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“என்னங்க ரசம் இது? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. வாயில வெக்க முடியுதா?”

எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நன்றாகக் கலக்கி, இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.